முகராத பூ

காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால் ஜாடியில் தண்டு மட்டும் நிற்கும். பூ இருக்காது. முந்தின நாள் மாலை அரைமணி நேரம் மெனக்கெட்டு, நுனி வெட்டி, கீழ் இலைகளை உரித்துத் தண்ணீரில் நிறுத்திய செடாப் மாலாம் தண்டு, விரிந்த பூக்களையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, உச்சியில் நாலைந்து பச்சை மொட்டுகளோடு அசடு வழிய நின்றுகொண்டிருக்கும். பறித்தது யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. சாமி அறையில் முருகன் படத்துக்கு முன்னால் அவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருக்கும். என் நாத்தனார் குளித்து முடித்து, திருநீறு பூசி, ஒன்றுமே நடக்காதவர்போல் சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருப்பார்.

செடாப் மாலாம் என்று இங்கே மலாக்காவில் பாசாரில், அதாவது சந்தையில், சொல்வது நம்முடைய சம்பங்கிதான். மாலையில் கோத்த பூவாக மட்டுமே அதைப் பார்த்தவர்களுக்கு அதன் தண்டு ஒரு கை நீளம் இருக்கும் என்பது தெரியாது. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். ஒரு கட்டு வாங்கினால் ஒரு வாரத்துக்கு நாளுக்கு நாலு பூவாவது புதிதாகத் திறக்கும். அந்த நாலு பூவுக்காகத்தான் பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குள் ஒரு வருஷம் சண்டை நடந்தது.

சண்டைக்குக் காரணம் என் மூக்கு. எனக்கு வாசனை தெரியாது. பிறவியில் அப்படி இல்லை. கோவிட் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் படுத்தோம். நாத்தனார் இரண்டே நாளில் எழுந்து ரசம் வைத்தார். என் கணவருக்கு வாசனை போய், சில வாரங்களில் திரும்பி வந்தது. எனக்குப் போனது போனதுதான். எல்லாருக்கும் வருகிறது, உனக்கும் வரும் என்றார்கள். நானும் நம்பினேன். நோயைப் பற்றி ஊரே பேசுவதை விட்டுவிட்டது, முகக்கவசங்களையெல்லாம் குப்பையில் போட்டாயிற்று, என் மூக்கு மட்டும் இன்னும் குணமாகவில்லை.

கண் போனால் ஊரே பரிதாபப்படும். காது போனால் சத்தமாகவாவது பேசுவார்கள். மூக்கு போனால் சிரிக்கிறார்கள். நான் வேலை செய்யும் வக்கீல் ஆபீசில், கழிவறை அடைத்துக்கொண்ட அன்று, நீ கொடுத்துவைத்தவள் என்றாள் கூட வேலை செய்யும் ஒருத்தி. கெட்டுப்போன பாலில் நான் கலக்கிய தேநீரை என் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போனதை அவள் பார்த்ததில்லை. அடுப்பில் கேஸ் கசிந்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓடிவந்து கதவைத் தட்டியது அவளுக்குத் தெரியாது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், உறைப்பு தெரியும். மற்றபடி ரசம் எனக்குப் புளித்த வெந்நீர். பிரியாணி மசாலா தடவிய சோறு. தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் என் முடியே யாரோ ஒருத்தியின் முடிபோல் இருக்கும்.

மூக்கு டாக்டர் ஒரு வழி சொன்னார். நன்றாகத் தெரிந்த வாசனைகளைத் தினமும் காலையும் மாலையும் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனத்துக்குள் கொண்டுவர வேண்டும். மூளைக்கு வழி மறந்துபோயிருக்கிறது, பழக்கினால் நினைவு வரலாம் என்றார். வரலாம் என்றுதான் சொன்னார், வரும் என்று சொல்லவில்லை. கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய் என்று சின்னச் சின்னக் குப்பிகளை வைத்துக்கொண்டு சில மாதம் இழுத்தேன். சமையலறை மூலையில் நின்று குப்பியை முகர்கிறவளைப் பார்த்தால் எனக்கே ஏதோ போதைப் பழக்கம் உள்ளவள்போல் தோன்றும். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் சம்பங்கி ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்தவரை அதைவிடச் சத்தமான வாசனை கிடையாது. கல்யாண மண்டபத்தில் மாலையைப் பிரித்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். என் மண்டைக்குள் ஏதாவது நுழையுமானால் அதுதான் முதலில் நுழையும் என்று முடிவு கட்டினேன். சனிக்கிழமை பாசாரில், கேமரன் மலையிலிருந்து வரும் பூக்களை வாளி வாளியாக அடுக்கி விற்கும் சீன ஆன்ட்டியிடம் ஒரு கட்டு வாங்கினேன். கோயிலுக்கா என்று கேட்டார். வீட்டு மேசைக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தியர்கள் தண்டோடு வாங்குவதில்லையே என்றார் மலாயில்.

அந்த ஆன்ட்டி எனக்கு நிறையச் சொன்னார், பாதி அதட்டலாக. கத்தியால் சாய்த்து வெட்டு, கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் இருக்கும் இலை அழுகும், உரித்துவிடு. வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்காதே, பழம் பூவைச் சீக்கிரம் கிழடாக்கும். தண்ணீரைத் தினமும் மாற்று, செடாப் மாலாம் தண்ணீர் மற்ற பூக்களின் தண்ணீர் மாதிரி இல்லை, சீக்கிரம் கெடும். எல்லாவற்றையும் கேட்டேன். ஆனாலும் முதல் கட்டு மூன்றாம் நாளே தலை தொங்கிவிட்டது. மலாக்கா வெக்கைக்கு யார்தான் தொங்கமாட்டார்கள். இரண்டாவது கட்டில் எறும்பு. மூன்றாவது கட்டை மின்விசிறிக்கு நேரே வைத்துக் காயவிட்டேன். தண்டுகளை ஒழுங்காக நிறுத்தவும் வரவில்லை. நடுவில் ஒன்றை நிமிர்த்தினால் சுற்றி இருப்பவை ஆளுக்கொரு திசையில் சாயும், விளக்குமாற்றைத் தலைகீழாக வைத்ததுபோல் இருக்கும். வாய் குறுகிய பழைய பிளாஸ்க் ஒன்றைக் கண்டுபிடித்து, நீளத்தில் ஏற்ற இறக்கமாக வெட்டி, கடைசியில் ஒரு மாதிரி பார்க்கும்படி நிறுத்தினேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை தண்டு மட்டும் இருந்தது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்காள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரெம்பியா பக்கம் ஒரு தோட்டத்தில் முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனைக்கு, அந்த எண்ணெய்ப் பனைக்கு, உரம் போட்டு, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது ஒரு இரும்புப் பெட்டியும் சாமி படங்களுமாக எங்களோடு வந்து சேர்ந்தார். யாருக்கும் சிரமம் தராதவர். விடிவதற்கு முன்னால் எழுவார், கூட்டுவார், குளிப்பார், பூ வைத்து விளக்கேற்றுவார். எங்கள் வீட்டில் வெறும் படமாக இருந்த சாமிகள் அவர் வந்த பிறகுதான் வேளாவேளைக்குக் கவனிக்கப்பட்டன. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் என் ஜாடியைக் கண்டுபிடிக்கும்வரை.

பூ என்றால் அவருக்குத் தலைதான். தண்டு என்பது கிள்ளி எறிய வேண்டிய சமாச்சாரம். தண்டோடு பூவைத் தண்ணீரில் நிறுத்தி, அது வாடும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு விளங்கவே இல்லை. ஏன் அண்ணி பறித்தீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பூன்னா சாமிக்கு வெப்பாங்க, தலைக்கு வெப்பாங்க, செத்தவங்களுக்குப் போடுவாங்க. ஜாடிக்கு யாரும்மா வெப்பா?"

டாக்டர் சொன்னதை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அவர் மனத்தில் நின்றது வேறு விஷயம். நான் அந்தப் பூவை முகரப்போகிறேன் என்பது. நம் வீடுகளில் முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. அது எச்சில் பட்டதற்குச் சமம். பூப்பறிக்கும்போது மூச்சுக்கூடப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவர். ஆக, நான் முகர்வதற்கு முன்னால் பறித்தால்தான் அந்தப் பூ சாமிக்கு உதவும். அதனால் அவர் இன்னும் சீக்கிரம் எழ ஆரம்பித்தார்.

நானும் எழுந்தேன். அலாரம் வைத்தேன். நான் எழுந்து வரும்போது குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் நான் ஜெயித்தேன் என்று பொருள். ஊதுவத்தி புகை கண்ணில் பட்டால் தோற்றேன். வேலைக்குப் போகிற, தலை நரைத்த ஒரு பெண் விடியற்காலையில் கைலியோடு ஹாலுக்கு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் விடமாட்டேன். புதிதாக விரிந்த பூவில்தான் வாசனை முழுசாக இருக்கும், முதல் மூச்சில்தான் அது பிடிபடும் என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் எழுதி வைத்திருந்தேன். நாத்தனார் பறித்துக்கொண்டு போன ஒவ்வொரு பூவும், எனக்கு வாசனை திரும்ப வந்திருக்கக்கூடிய பூ.

என் கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். சண்டை என்றால் அவருக்கு ஷிப்ட் ஞாபகம் வந்துவிடும். ரெண்டு கட்டாக வாங்கினால் தீர்ந்தது என்றார். வாங்கினேன். நாத்தனார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்லதாக உனக்கு எடுத்துக்கொண்டு சாமிக்கு மட்டமானதைக் கொடுக்கிறாயா என்றார். மறுநாள் இரண்டிலும் நல்லதாகப் பார்த்துப் பறித்திருந்தார். ஜாடியைப் படுக்கையறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தினேன். நடு இரவில் என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு முட்டுகிறது, ஏதோ மாலைக்கடைக்குள் படுத்திருப்பதுபோல் இருக்கிறது, தயவுசெய்து வெளியே வை என்றார். நான் அந்த இருட்டில் ஜாடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தலைவலி தருகிற வாசனை என் முகத்துக்கு நேரே இருந்தது, எனக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் அவர்மேல் பட்ட பொறாமையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுகாதார இலாகாக்காரர்கள்கூட நாத்தனார் பக்கம்தான். டெங்கிக்காக வீடு வீடாக ஜெந்தே ஜெந்தே, அதாவது கொசுப்புழு தேடி வந்தவர்கள் டார்ச் விளக்கை என் ஜாடிக்குள் அடித்துப் பார்த்தார்கள். தினமும் தண்ணீர் மாற்றுவதால் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பின்னாலேயே வந்த நாத்தனார், நானும் சொல்கிறேன் இவள் கேட்பதில்லை என்று மலாயில் புகார் வைத்தார். அந்தப் பையன்கள் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, பூவை வெட்டி நிறுத்தி முடித்ததும், நாத்தனார் பார்க்கும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டாக எடுத்து மேலிருந்து கீழ்வரை சத்தம் கேட்க முகர்ந்தேன். பூ, மொட்டு, காம்பு ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் எச்சிலாக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் சாமி அறைக்கு விளக்கேற்றப் போய்விட்டார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் புதிதாக விரிந்த நாலு பூவும் முருகனிடம் இருந்தன. நான் கோபத்தில் கத்திவிட்டேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"மொட்டுல மோந்தது கணக்கு இல்லம்மா. விரிஞ்சாத்தான பூ."

எங்கள் ஆபீசில் எத்தனையோ வழக்கறிஞர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாதத்தை ஒருவரும் வைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கா பத்துவில் என் மாமனாரின் தம்பி இறந்தார். வயதானவர், நோயில் கிடந்தவர். பங்காளி வீட்டுத் தீட்டு. கருமாதி முடியும்வரை எங்கள் சாமி அறையில் விளக்கில்லை, பூவில்லை. நாத்தனார் சாமி அறைக்குத் திரை இழுத்துவிட்டு, துக்க வீட்டில் ஒத்தாசைக்கென்று துணிப்பையோடு தங்கா பத்துவுக்குப் போய்விட்டார். என் கணவர் வேலை முடிந்து அங்கே போய்வந்துகொண்டிருந்தார். நானும் போனேன், அழுதேன். அந்தச் சித்தப்பாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் திரும்பி வரும் வழியில் காரில் உட்கார்ந்திருந்தபோது என் மனத்தில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இனி கொஞ்ச நாளைக்கு எல்லாப் பூவும் எனக்கு.

சனிக்கிழமை ஆன்ட்டியிடம் வாளியோடு வாங்கினேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். வீட்டில் இருந்த ஜாடி, பிளாஸ்க், தண்ணீர்ச் சட்டி, ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றிலும் நிறுத்தினேன். சாப்பாட்டு மேசையில், டிவிக்குப் பக்கத்தில், மாடிப்படி திருப்பத்தில், கட்டில் தலைமாட்டில். என் கணவர் தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போனார். காலையில் யாரும் என்னை முந்தவில்லை. புதிதாக விரிந்த பூவிடம் போய், கண்ணை மூடி, டாக்டர் சொன்னபடி பழைய வாசனையை நினைத்துக்கொண்டு இழுத்தேன். அடுத்த ஜாடிக்குப் போனேன். அடுத்தது. மாலையில் வேலைவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்றுமில்லை.

மறுநாளும் இல்லை. வாரம் முழுக்க இல்லை. நடுவில் ஒரு காலை ஏதோ தெரிந்ததுபோல் இருந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்தது. குனிந்து மறுபடி இழுத்தேன், இல்லை. நினைப்புதான். இத்தனை நாளும் நாத்தனார் பறிக்காமல் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து எவ்வளவு திட்டியிருப்பேன், மனத்துக்குள்ளும் வெளியிலும். இப்போது வீடு நிறைய பூ, பறிக்க ஆளில்லை. யாரைத் திட்டுவது? ஒரு தண்டை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன். பூக்கள் தரையெல்லாம் சிதறின. நானே குனிந்து பொறுக்கினேன்.

கருமாதிக்கு முந்தின நாள் நாத்தனார் மாற்றுச் சேலை எடுக்க வந்தார். கதவைத் திறந்தவர் அங்கேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா வீடு இப்படி நாறுது? எலி கிலி செத்துக் கெடக்கா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எலியெல்லாம் இல்லை என்றேன். அவர் காதில் வாங்காமல் சோபாவுக்கு அடியில் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் பார்த்தார், பிறகு மாடிப்படி ஏறினார். திருப்பத்தில், ஜன்னல் திரைக்குப் பின்னால் நான் வைத்து மறந்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தண்டுகள் கொழகொழவென்று கரைந்து, தண்ணீர் கறுத்துப் பாசி பிடித்திருந்தது. வைத்த நாளிலிருந்து நான் அதன் தண்ணீரை மாற்றவில்லை. அவர் அதைக் கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்திருந்தார்.

நான் அதை அவரிடமிருந்து வாங்கி, முகத்தை உள்ளே விட்டு இழுத்தேன். நுரையீரல் நிறைய. சம்பங்கியில் எது தெரிந்ததோ அதுதான் இதிலும் தெரிந்தது. காற்று. இன்னொரு தடவை இழுத்தேன். நாத்தனார் என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"ஒண்ணுமே தெரியலையா ஒனக்கு?"

"தெரியல அண்ணி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை நாளும் நான் சொன்னது எதுவும் அவருக்குள் இறங்கவில்லை என்பது புரிந்தது. ஜலதோஷம் பிடித்தவர்களுக்குப்போல் பாதி அடைப்பு, பாதி சோம்பல் என்று நினைத்திருக்கிறார். டப்பாவை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கால்வாயில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தார். சேலையை எடுக்க மறந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டு மறுபடி வந்தார்.

அன்று மாலை என் கணவரிடம் கேட்டேன், உங்களுக்கு நாறவில்லையா என்று. ரெண்டு மூணு நாளாகவே நாறியது என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அழுகல் நாற்றத்தில் படுத்துக்கொண்டு என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார் மனிதர். இந்தப் பரிவுக்கு நாத்தனாரின் திருட்டே மேல் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மிச்சமிருந்த எல்லாத் தண்டுகளையும் கருப்புப் பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கட்டி வெளியே வைத்தேன்.

கருமாதி முடிந்தது. வீட்டைக் கழுவிவிட்டு நாத்தனார் சாமி அறைத் திரையை விலக்கினார். அந்தச் சனிக்கிழமை நான் பாசாருக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. கறிக்குழம்பு, துணி துவைப்பது, ஆபீஸ் என்று இருந்துவிட்டேன். மேசையில் ஜாடி இல்லாததைப் பற்றி யாரும் பேசவில்லை. நாத்தனார் பக்கத்து வீட்டு வேலியில் கேட்டு வாங்கிய செம்பருத்தியைச் சாமிக்கு வைத்துவந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் என் கணவரைக் காரை எடுக்கச் சொல்லிப் பாசாருக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் செடாப் மாலாம் கட்டு இருந்தது. தண்டோடு. அதை வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். காய்கறிக் கத்தியால் குறுக்கே வெட்டி, இலையை உரிக்காமல், பிளாஸ்க்கில் நெருக்கிச் சொருகினார். எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது ஹாலில் விளக்கு எரிந்தது. நாத்தனார் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பிளாஸ்க்கில் பூ இருந்தது. அவர் பறித்திருக்கவில்லை. ஒரு தண்டை உருவி, விரிந்த பூ என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"மோந்து பாரு."

சாமிக்கு வேண்டாமா என்று கேட்டேன். அவர் அதை யோசித்து முடித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறார் என்பது பதில் வந்த வேகத்தில் தெரிந்தது.

"வாசம் உள்ள போனாத்தான அது மோந்த பூ. ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே. நீ மோந்துட்டுக் குடு, சாமிக்கு ஒண்ணும் ஆவாது லா."

அவர் இதை அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பிளாஸ்க்கைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல் இருந்தது. நான் முகர்ந்தாலும் முகராததுதான். என் மூச்சுக்குப் பூவை எச்சிலாக்கும் யோக்கியதைகூடக் கிடையாது. டாக்டர் 'வரலாம்' என்ற ஒரு வார்த்தையில் மீதி வைத்திருந்ததை, இவர் நெற்றி நிறையத் திருநீறோடு நின்றுகொண்டு முடித்துவைத்துவிட்டார் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் தண்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டினார். முகர்ந்தேன்.

"தெரியுதா?"

"இல்ல அண்ணி."

பறித்துக்கொண்டு போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை.

இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. நான் இல்லை என்கிறேன். அவர் அந்தப் பூவை விட்டு அடுத்த பூவைக் காட்டுகிறார். பிறகு அடுத்த தண்டை உருவுகிறார். சரியாக இழுக்கவில்லை என்கிறார், வாயை மூடிக்கொண்டு இழு என்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. ஆபீசுக்கு நேரமாகிறது, தலைகூட வாரவில்லை, நெடுஞ்சாலையில் இந்நேரம் நெரிசல் ஆரம்பித்திருக்கும். விடிவதற்குள் ஏற்ற வேண்டிய விளக்கு ஏற்றாமல் கிடக்கிறது. எனக்கு முன்னால் ஓடி ஓடிச் சாமிக்கென்று பறித்த மனுஷி, சாமியைக் காக்கவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நேரமாச்சு அண்ணி, பறிச்சுக்குங்க" என்கிறேன்.

"இரு, இரு" என்கிறார். "இன்னொரு தடவ நல்லா இழு."